ஐஸ் ஹாக்கியின் ‘ராக்கெட்’: 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்த மோரிஸ் ரிச்சர்டின் வாழ்க்கை

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.) போட்டிகளில் ஒவ்வொரு பருவத்திலும் அதிக கோல் அடிக்கும் வீரருக்கு ஒரு கோப்பை வழங்கப்படுகிறது. அதன் பெயர் மோரிஸ் ‘ராக்கெட்’ ரிச்சர்ட் கோப்பை. ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் ஒவெச்கின் அதை ஒன்பது முறை வென்றிருக்கிறார். அந்தப் பெயருக்கு உரிய மனிதர் 2000-ஆம் ஆண்டில் காலமானார். அவர் அடித்த 544 கோல்கள் என்ற எண்ணிக்கையைப் பின்வந்த வீரர்கள் பலர் கடந்துவிட்டனர். ஆயினும், கோல் அடிக்கும் திறனுக்கு இன்றளவும் அவர் பெயரே அளவுகோலாக இருந்து வருகிறது.

இந்திய வாசகர்களுக்கு ஹாக்கி என்றதும் நினைவுக்கு வருவது தியான் சந்த் ஆடிய புல்தரை ஆட்டமே. லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில்தான் பெரும்பாலும் ஐஸ் ஹாக்கி ஆடப்படுகிறது. இவ்விரு ஆட்டங்களுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. புல்தரை ஹாக்கியில் கோல் கம்பத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் செல்லும். ஐஸ் ஹாக்கியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்கிருந்து அடித்தாலும் கோல்தான். ஆனால், 6 அடி அகலமும் 4 அடி உயரமும் மட்டுமே கொண்ட வலையை, உடல் முழுவதும் கவசம் தரித்த கோல்கீப்பர் ஏறத்தாழ மறைத்துக்கொண்டு நிற்பார். சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டியான ரப்பர் வட்டை, வழுக்கும் பனித்தரையில் முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டே, மோதித் தள்ளும் எதிரணியினரைத் தாண்டி, எஞ்சியுள்ள சிறிய இடைவெளியில் செலுத்த வேண்டும்.

அந்தச் சிறிய இடைவெளியைக் கண்டறிவதில் தன் காலத்தில் நிகரற்றவராக விளங்கியவர் மோரிஸ் ரிச்சர்ட். அவருடைய வாழ்க்கை ஒரு விளையாட்டு வீரரின் சாதனைப் பட்டியலோடு முடிவதில்லை. பிரெஞ்சு மொழி பேசும் ஒரு மக்கள் கூட்டத்தின் தன்மானத்தோடும், ஒரு நகரமே கொந்தளித்த ஓர் இரவோடும் அது பின்னிப் பிணைந்திருக்கிறது.

தச்சரின் மகன்

ஜோசப் ஹென்றி மோரிஸ் ரிச்சர்ட் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மாண்ட்ரீல் நகரில் பிறந்தார். அவரது குடும்பப் பெயரைப் பிரெஞ்சு மொழியில் ரிஷார் என்றே உச்சரிப்பர். தந்தை ஒனேசிம் ஒரு தச்சர். பின்னர் கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தில் பணிபுரிந்தார். தாயார் அலிஸ். இருவரும் கியூபெக்கின் கிழக்குக் கடலோரமான காஸ்பே பகுதியில் இருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர்கள். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர் மோரிஸ்.

மாண்ட்ரீலின் வடபகுதியில் உள்ள போர்டோ என்னும் குடியிருப்பில் அக்குடும்பம் வசித்தது. குளிர்காலத்தில் வீட்டின் பின்புறம் தண்ணீர் ஊற்றி உறையச் செய்து தந்தை அமைத்துக்கொடுத்த பனித்தளமும், அருகில் உறைந்து கிடக்கும் பிரேரி ஆறும் சிறுவன் மோரிஸின் முதல் ஆடுகளங்களாயின. பெரும் பொருளாதார மந்தம் நிலவிய 1930-களில் வேலையிழப்பு அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை.

பள்ளிக் கல்வியைப் பாதியில் நிறுத்திய அவர், தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இயந்திரப் பணியாளர் தொழிலைக் கற்றார். தந்தையோடு தொழிற்சாலைக்கும் சென்றார். பகலில் வேலை, மாலையில் ஆட்டம் என நாட்கள் நகர்ந்தன. ஒரே காலத்தில் பல அணிகளுக்காக ஆடிய அவர், சில வேளைகளில் மாற்றுப் பெயர்களிலும் களமிறங்கினார்.

முறிந்த எலும்புகள்

இளம் வயதில் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது கோல் அல்ல, காயம். மாண்ட்ரீல் கனேடியன்ஸ் அணியின் துணை அணியில் இடம்பெற்ற முதல் பருவத்திலேயே அவருக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்த பருவத்தில் மணிக்கட்டு முறிந்தது. 1942-43 பருவத்தில் முதன்மை அணியில் இடம் கிடைத்து 16 ஆட்டங்களே ஆடிய நிலையில், டிசம்பர் மாதத்தில் மீண்டும் கால் எலும்பு முறிந்தது. மூன்று பருவங்கள், மூன்று முறிவுகள். எளிதில் உடையும் உடல் கொண்டவர், இந்த முரட்டு ஆட்டத்துக்கு ஏற்றவர் அல்லர் என்ற எண்ணம் அணி நிர்வாகத்தில் வலுத்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ராணுவத்தில் சேர அவர் முன்வந்தார். முறிந்து கூடிய எலும்புகளின் நிலையைக் காரணம் காட்டி ராணுவம் அவரை ஏற்க மறுத்துவிட்டது.

இதற்கிடையே 1942-ஆம் ஆண்டு செப்டம்பரில் லூசில் நோர்ஷே என்பவரை அவர் மணந்துகொண்டார். அத்தம்பதிக்கு ஏழு குழந்தைகள் பிறந்தனர். முதல் மகள் 1943-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒன்பது பவுண்டு எடையுடன் பிறந்தபோது, அதுவரை 15-ஆம் எண் சட்டை அணிந்துவந்த ரிச்சர்ட், தனக்கு 9-ஆம் எண்ணை வழங்குமாறு பயிற்சியாளரிடம் கேட்டுப் பெற்றார். பின்னாளில் கியூபெக் சிறுவர்கள் அனைவரும் அணிய விரும்பிய அந்த எண்ணின் தொடக்கம் ஒரு தந்தையின் மகிழ்ச்சியே.

வலப்புறம் மாறிய இடக்கை ஆட்டக்காரர்

ரிச்சர்டின் வாழ்வைத் திருப்பிய முடிவை எடுத்தவர் பயிற்சியாளர் டிக் இர்வின். ஐஸ் ஹாக்கியில் மட்டையை இடப்புறமாகப் பிடித்து அடிப்பவர்கள் களத்தின் இடது ஓரத்திலும், வலப்புறமாக அடிப்பவர்கள் வலது ஓரத்திலும் ஆடுவதே அந்நாளைய வழக்கம். ரிச்சர்ட் இடப்புறமாக அடிப்பவர். அவரை இர்வின் வலது ஓரத்துக்கு மாற்றினார்.

இந்த மாற்றத்தின் பயன் எளிய வடிவியல் கணக்கில் அடங்கியிருக்கிறது. இடப்புறமாக அடிப்பவர் இடது ஓரத்தில் ஆடும்போது வட்டு களத்தின் விளிம்பை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து பார்க்கையில் வலை குறுகித் தெரியும். அதே வீரர் வலது ஓரத்தில் இருந்து உள்நோக்கித் திரும்பும்போது, அவரது மட்டையும் வட்டும் களத்தின் நடுப்பகுதியை நோக்கி அமையும். ஒவ்வோர் அடி உள்ளே வரும்போதும் வலை அவருக்கு முன் அகன்று கொடுக்கும். கோல்கீப்பர் நகர்ந்தாக வேண்டும். நகரும் கோல்கீப்பரின் கால்களுக்கிடையிலும் தோள்களுக்கு மேலும் இடைவெளி பிறக்கும்.

இடது ஓரத்தில் எல்மர் லாக்கின் நண்பரும் அணித்தலைவருமான டோ பிளேக், நடுவில் லாக், வலது ஓரத்தில் ரிச்சர்ட் என மூவர் கூட்டணி 1943-44 பருவத்தில் உருவானது. ‘பஞ்ச் லைன்’ என்று அது பெயர் பெற்றது. பிளேக் மூலைகளில் போராடி வட்டை மீட்டெடுப்பார். லாக் அதை உரிய நேரத்தில் கடத்துவார். முடித்து வைப்பது ரிச்சர்டின் பணி. எந்தவொரு கோல் வேட்டைக்காரரும் தனித்து உருவாவதில்லை என்பதற்கு இக்கூட்டணி சான்றாக நின்றது.

அப்பருவத்தில் ரிச்சர்ட் 32 கோல்கள் அடித்தார். 1944 மார்ச் 23 அன்று டொரான்டோ அணிக்கு எதிரான பிளே-ஆஃப் சுற்று ஆட்டத்தில் கனேடியன்ஸ் 5-1 என வென்றது. ஐந்து கோல்களையும் அடித்தவர் ரிச்சர்ட். ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூன்று வீரர்களின் பெயர்களை அறிவிப்பது அங்கு வழக்கம். அன்று மூன்று இடங்களுக்கும் அவர் ஒருவர் பெயரே அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை மாண்ட்ரீலுக்கு வந்தது.

ஐம்பதுக்கு ஐம்பது

1944-45 பருவம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. டிசம்பர் 28 அன்று ரிச்சர்ட் குடும்பம் வீடு மாறியது. பகல் முழுவதும் மரச்சாமான்களைத் தூக்கிச் சுமந்துவிட்டுக் களைப்போடு மைதானத்துக்கு வந்த அவர், அன்றிரவு டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஐந்து கோல்கள் அடித்ததோடு, மூன்று கோல்களுக்கு உதவியும் புரிந்தார். ஒரே ஆட்டத்தில் எட்டுப் புள்ளிகள் என்ற அச்சாதனை 1976-ஆம் ஆண்டு வரை முறியடிக்கப்படவில்லை.

அதுவரை ஒரு பருவத்தின் அதிகபட்ச கோல் சாதனை ஜோ மலோன் வசம் இருந்தது. லீக்கின் முதல் பருவமான 1917-18-இல் 20 ஆட்டங்களில் அவர் 44 கோல்கள் அடித்திருந்தார். 1945 பிப்ரவரி 25 அன்று 45-ஆவது கோலை அடித்து ரிச்சர்ட் அதைக் கடந்தார். அதன் பின்னர் அனைவரின் கண்களும் ஐம்பது என்ற எண்ணின் மீது பதிந்தன. எதிரணிகள் அவரைக் கண்காணிக்கத் தனியாக வீரர்களை நிறுத்தின, மட்டையால் கொக்கி போட்டு இழுத்தன, இடித்துத் தள்ளின. மார்ச் 18 அன்று பாஸ்டனில் நடைபெற்ற பருவத்தின் கடைசி ஆட்டத்தில், முடிவதற்கு ஒரு சில நிமிடங்களே இருந்தபோது ஐம்பதாவது கோல் வலைக்குள் சென்றது. 50 ஆட்டங்களில் 50 கோல்கள்.

இச்சாதனையின் மதிப்பைக் குறைத்துப் பேசியவர்களும் உண்டு. சிறந்த வீரர்கள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் எதிரணிகள் வலுவிழந்திருந்தன என்பது அவர்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. 1943-ஆம் ஆண்டில் களத்தின் நடுவே சிவப்புக் கோடு வரையப்பட்டு, வட்டைக் கடத்தும் விதி தளர்த்தப்பட்டதும் கோல்கள் பெருகுவதற்கு வழிவகுத்தது.

ஆனால், போர் முடிந்து வீரர்கள் திரும்பிய பிறகு நிகழ்ந்தவை அந்த வாதத்துக்கு விடை கூறின. 1946-47 பருவத்தில் 45 கோல்களுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்ற ரிச்சர்ட், மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையையும் வென்றார். 1949-50, 1953-54 பருவங்களிலும் அதிக கோல் அடித்தவர் அவரே. 1954-55-இல் சக வீரர் பெர்னார்ட் ஜெஃப்ரியனுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 50 ஆட்டங்களில் 50 கோல் என்ற இலக்கை மற்றொருவர் எட்டுவதற்கு 36 ஆண்டுகள் ஆயின. 1980-81 பருவத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் மைக் பாஸி அதனை நிகழ்த்தினார்.

திறமையின் ரகசியம்

ரிச்சர்டைவிட வேகமாகச் சறுக்கியவர்கள் அன்றும் இருந்தனர். அவரைவிடப் பலமாக வட்டை அடித்தவர்களும், நேர்த்தியாகக் கடத்தியவர்களும் இருந்தனர். கோல்களையும் உதவிகளையும் கூட்டிப் பார்க்கும் புள்ளிப் பட்டியலில் அவர் ஒருமுறைகூட முதலிடம் பெற்றதில்லை. அப்படியிருந்தும் கோல் கணக்கில் அவர் முந்தி நின்றதற்குச் சில காரணங்களைப் பகுத்துக் கூற முடியும்.

முதலாவது, எதிரணிக் கோலுக்கு முன்னுள்ள நீலக் கோட்டைக் கடந்த பின் அவர் வேறொரு மனிதராக மாறினார். களத்தின் பிற பகுதிகளில் சாதாரணமாகத் தோன்றிய அவர், அந்தக் கடைசி அறுபது அடித் தொலைவில் எவராலும் நிறுத்த இயலாதவரானார். அவரை எதிர்கொண்ட கோல்கீப்பர்கள் பலரும் முதலில் நினைவுகூர்ந்தது, தங்களை நோக்கி வரும்போது கனன்ற அவருடைய கரிய கண்களையே.

இரண்டாவது, உடல் வலிமையும் சமநிலையும். சராசரி உயரமே கொண்டிருந்தாலும் அவருடைய தோள்களும் கைகளும் உறுதி வாய்ந்தவை. ஒரு கையால் தடுப்பாட்ட வீரரை விலக்கிக்கொண்டே மறு கையால் வட்டை நடத்திச் செல்வார். டெட்ராய்ட் அணியின் பருத்த உடல்வாகு கொண்ட தடுப்பாட்ட வீரர் ஏர்ல் சீபர்ட், அவரை நிறுத்துவதற்காக முதுகின் மீதே விழுந்து பற்றிக்கொண்ட நிகழ்வு இன்றும் பேசப்படுகிறது. அவரைச் சுமந்தபடியே கோல் வரை சென்ற ரிச்சர்ட், கோல்கீப்பரையும் ஏமாற்றி வட்டை வலைக்குள் செலுத்தினார்.

மூன்றாவது, முன்கூட்டியே கணிக்க முடியாத தன்மை. கோல்கீப்பர்கள் ஒவ்வொரு வீரரின் பழக்கத்தையும் மனத்தில் குறித்து வைத்திருப்பர். ஒருவர் எப்போதும் வலையின் உயரத்தில் அடிப்பார். இன்னொருவர் தாழ அடிப்பார். ரிச்சர்டிடம் அத்தகைய பழக்கம் எதுவும் இல்லை. மட்டையின் முன்புறத்தாலும் பின்புறத்தாலும் ஒரே அளவு துல்லியத்தோடு அடித்தார். வட்டு அவரிடம் வந்த கணத்திலேயே சில வேளை அடிப்பார். சில வேளை கோல்கீப்பர் விழும்வரை காத்திருப்பார். என்ன செய்யப் போகிறோம் என்பது தனக்கே முன்னதாகத் தெரிவதில்லை என்பதை அவர் மறைத்ததும் இல்லை. திட்டமிடாத ஆட்டத்தைப் படித்துத் தேறுவது எவருக்கும் எளிதன்று.

நான்காவது காரணத்தை எண்களே கூறுகின்றன. வழக்கமான பருவ ஆட்டங்கள் 978-இல் அவர் 544 கோல்கள் அடித்தார். சராசரி, ஆட்டத்துக்கு 0.56. வலிமை மிக்க அணிகள் மட்டுமே மோதும் பிளே-ஆஃப் சுற்றுகளில் 133 ஆட்டங்களில் 82 கோல்கள், சராசரி 0.62. ஆட்டம் கடினமாகும்போது பெரும்பாலான வீரர்களின் கோல் விகிதம் குறையும். ரிச்சர்டுக்கு அது உயர்ந்தது. ஒரே கோலில் ஆட்டம் முடிந்துவிடும் கூடுதல் நேரத்தில் மட்டும் பிளே-ஆஃப் சுற்றுகளில் ஆறு முறை அவர் வெற்றிக் கோலை அடித்திருக்கிறார்.

1952 ஏப்ரல் 8 அன்று பாஸ்டனுக்கு எதிரான அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பலமாக மோதப்பட்டு நினைவிழந்து விழுந்த ரிச்சர்ட், தையல் போட்ட நெற்றியோடு மூன்றாவது பகுதியில் களம் திரும்பினார். தெளிவற்ற நினைவோடு இருந்த நிலையிலேயே எதிரணியினரைக் கடந்து சென்று வெற்றிக் கோலை அடித்தார். கட்டுப் போட்ட தலையும் வழியும் குருதியுமாக அவர் நிற்க, பாஸ்டன் கோல்கீப்பர் ஜிம் ஹென்றி குனிந்து கைகுலுக்கும் புகைப்படம் ஐஸ் ஹாக்கி வரலாற்றின் அழியாத காட்சிகளுள் ஒன்று. தலைக்காயத்தின் ஆபத்தை அறிந்துள்ள இக்காலத்தில் எந்த மருத்துவரும் அவரை மீண்டும் களமிறங்க அனுமதித்திருக்க மாட்டார் என்பதையும் கூறியாக வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று சிகாகோ அணிக்கு எதிராக 325-ஆவது கோலை அடித்த அவர், நெல்ஸ் ஸ்டூவர்ட் வசம் இருந்த 324 கோல்கள் என்ற வாழ்நாள் சாதனையைக் கடந்தார்.

கோபத்தின் விலை

கோல் அடிக்கத் தூண்டிய அதே வேட்கை, களத்தில் கட்டுக்கடங்காத கோபமாகவும் வெளிப்பட்டது. எதிரணியினர் அதை நன்கு அறிந்திருந்தனர். அவரைச் சீண்டுவதற்கென்றே வீரர்களை அனுப்பினர், மட்டையால் தாக்கினர், பிரெஞ்சு மொழி பேசுபவர் என்பதைச் சுட்டி இழிவாகப் பேசினர். அவரும் பொறுத்துப் போகவில்லை. தன் வாழ்நாளில் 1,285 நிமிடங்களைத் தண்டனையாகக் களத்துக்கு வெளியே அமர்ந்து கழித்திருக்கிறார்.

அந்நாளைய கியூபெக்கின் சமூகச் சூழலை அறியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. மாகாணத்தில் பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசுவோர். ஆனால், தொழிற்சாலைகளும் வங்கிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையில் இருந்தன. முதலாளியின் மொழி ஒன்று, தொழிலாளியின் மொழி வேறொன்று. இந்நிலையில், அடித்தால் திருப்பி அடிக்கும் ஒரு தச்சரின் மகன், ஆங்கிலேயர் ஆதிக்கம் மிகுந்த லீக்கில் முதலிடம் பெற்றது அம்மக்களுக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் ஒரு வழக்கறிஞர். ரிச்சர்டுக்கும் அவருக்கும் நெடுநாள் பிணக்கு இருந்தது. பிரெஞ்சு வார இதழ் ஒன்றில் ரிச்சர்ட் எழுதிவந்த பத்தியில் கேம்ப்பெலைக் கடுமையாகச் சாடியதையடுத்து, 1954-ஆம் ஆண்டில் அப்பத்தியையே அவர் கைவிட நேர்ந்தது.

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் அந்தப் பிணக்கு வெடித்தது. எதிரணி வீரர் ஹால் லேகோவின் மட்டை பட்டு ரிச்சர்டின் தலையில் காயம் ஏற்பட்டது. சினமுற்ற அவர் லேகோவை மட்டையால் திரும்பத் திரும்பத் தாக்கினார். தடுக்க முயன்ற கோட்டு நடுவரையும் முகத்தில் குத்தினார். நடுவரைத் தாக்கியது எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாத குற்றம். மூன்று நாட்கள் கழித்து கேம்ப்பெல் அறிவித்த தண்டனை, பருவத்தின் எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கும், பிளே-ஆஃப் சுற்று முழுமைக்குமான தடையாகும்.

கொந்தளித்த மாண்ட்ரீல்

அப்போது புள்ளிப் பட்டியலில் ரிச்சர்ட் முதலிடத்தில் இருந்தார். அவர் வாழ்நாளில் ஒருபோதும் வென்றிராத பட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. தடை அதைப் பறித்துவிட்டது என்று மாண்ட்ரீல் மக்கள் கருதினர். மிரட்டல்கள் வந்தபோதிலும், மார்ச் 17 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண கேம்ப்பெல் மாண்ட்ரீல் ஃபோரம் அரங்குக்கு நேரில் வந்தார்.

முதல் பகுதி முடிந்தபோது மாண்ட்ரீல் 1-4 எனப் பின்தங்கியிருந்தது. கேம்ப்பெல் மீது முட்டைகளும் காய்கறிகளும் வீசப்பட்டன. பின்னர் அவரது இருக்கைக்கு அருகே கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. அரங்கம் காலி செய்யப்பட்டு, ஆட்டம் டெட்ராய்டுக்கு வழங்கப்பட்டது. வெளியேறிய கூட்டம் செயின்ட் கேத்தரின் தெருவில் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தது, சூறையாடியது, வாகனங்களைக் கவிழ்த்தது. நள்ளிரவைக் கடந்தும் நீடித்த இந்நிகழ்வு ‘ரிச்சர்ட் கலவரம்’ என வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

மறுநாள் ரிச்சர்ட் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றினார். தண்டனையைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும், மக்கள் அமைதி காக்க வேண்டும் என்றும், அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவதாகவும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தெரிவித்தார். நகரம் அடங்கியது. தன் சினத்தால் தொடங்கிய ஒன்றைத் தன் சொல்லாலேயே அவர் முடித்து வைத்தார்.

புள்ளிப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெஃப்ரியன் வென்றார். சொந்த அணி வீரர் என்றும் பாராமல் மாண்ட்ரீல் ரசிகர்கள் அவரைக் கேலிக் கூச்சலிட்டனர். இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் டெட்ராய்டிடம் கனேடியன்ஸ் தோற்றது. 1960-களில் கியூபெக்கில் கல்வி, நிர்வாகம், மொழி உரிமை ஆகியவற்றில் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. ‘அமைதிப் புரட்சி’ எனப்படும் அக்காலத்தின் முன்னறிகுறியாக இக்கலவரத்தைக் கருதுவோர் பலர். ரிச்சர்டோ தான் ஓர் ஆட்டக்காரர் மட்டுமே என்ற நிலைப்பாட்டிலிருந்து மாறவில்லை.

தொடர்ந்து ஐந்து கோப்பைகள்

வானொலியில் அளித்த வாக்கு நிறைவேறியது. 1955-56 பருவத்தில் பழைய கூட்டாளி டோ பிளேக் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். ரிச்சர்டைவிட 14 வயது இளையவரான தம்பி ஹென்றியும் அணியில் சேர்ந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஸ்டான்லி கோப்பையை கனேடியன்ஸ் வென்றது. அச்சாதனையை இதுவரை எந்த அணியும் சமன் செய்யவில்லை. அவற்றுள் கடைசி நான்கு கோப்பைகளைத் தலைவராக இருந்து பெற்றுக்கொண்டவர் ரிச்சர்ட்.

1957 அக்டோபர் 19 அன்று சிகாகோ கோல்கீப்பர் கிளென் ஹாலைத் தாண்டி அவர் அடித்த கோல், 500-ஆவது கோலாக அமைந்தது. லீக் வரலாற்றில் அந்த எண்ணை எட்டிய முதல் வீரர் அவரே. அடுத்த மாதமே மற்றொரு வீரரின் சறுக்குக் காலணியின் கத்தி முனை பட்டு அவரது குதிகால் நரம்பு ஏறத்தாழ அறுபட்டது. 36 வயதில் ஏற்பட்ட அக்காயத்தோடு ஆட்ட வாழ்வு முடிந்ததாகப் பலர் எண்ணினர். சில மாதங்களில் திரும்பி வந்த அவர், அப்பருவத்தின் பிளே-ஆஃப் சுற்றில் 10 ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்தார்.

1960 செப்டம்பர் 15 அன்று ஓய்வை அறிவித்தார். எட்டு ஸ்டான்லி கோப்பைகள், 544 கோல்கள், 421 உதவிகள் என்பன அவரது கணக்கு. 9-ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என அணி முடிவெடுத்தது. வழக்கமான காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, 1961-ஆம் ஆண்டிலேயே ஹாக்கி புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஓய்வுக்குப் பின்

வாழ்நாள் கோல் சாதனை மூன்று ஆண்டுகளில் கைமாறியது. 1963 நவம்பரில் கார்டி ஹோவ் 545-ஆவது கோலை அடித்தார். பின்னர் வெய்ன் கிரெட்ஸ்கி அதை 894 ஆக உயர்த்தினார். 2025 ஏப்ரலில் ஒவெச்கின் அதையும் கடந்தார். பருவத்துக்கு 50 ஆட்டங்கள் என்றிருந்த லீக் பின்னர் 70 ஆட்டங்களுக்கும், அதற்கும் மேலாகவும் விரிந்தது. ஆறு அணிகளாக இருந்தது பன்மடங்கானது. எனவே வெவ்வேறு காலத்தவரின் எண்களை அப்படியே ஒப்பிடுவது முறையாகாது.

ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கை அவருக்கு எளிதாக அமையவில்லை. அணி வழங்கிய தூதர் பொறுப்பு பெயரளவிலானது என்று மனம் வருந்தி விலகினார். மீன்பிடி நரம்பு விற்கும் சிறுதொழிலைத் தன் வீட்டிலிருந்தே நடத்தினார். 1972-இல் கியூபெக் நோர்டிக்ஸ் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, இரண்டே ஆட்டங்களில் பதவி விலகினார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே கனேடியன்ஸ் அணியோடு மீண்டும் இணக்கம் ஏற்பட்டது. 1994-இல் மனைவி லூசில் புற்றுநோயால் காலமானார்.

1996 மார்ச் 11 அன்று மாண்ட்ரீல் ஃபோரம் அரங்கில் கடைசி ஆட்டம் நடைபெற்றது. முன்னாள் வீரர்கள் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தப்பட்டனர். ரிச்சர்ட் பெயர் அறிவிக்கப்பட்டதும் எழுந்த கரவொலி பல நிமிடங்கள் ஓயவில்லை. கையை உயர்த்தி நிறுத்துமாறு அவர் வேண்டியும் அது அடங்கவில்லை. எதிரணியினர் முன் ஒருபோதும் கலங்காத அந்தக் கண்கள் அன்று கலங்கின. அரங்கில் இருந்தோரில் பலர், அவர் ஆடி ஓய்ந்த பின் பிறந்தவர்கள்.

1998-இல் வயிற்றுப் பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மே 27 அன்று, 78-ஆவது வயதில் மாண்ட்ரீலில் அவர் உயிர்நீத்தார். உடல் வைக்கப்பட்டிருந்த அரங்கில் சுமார் 1,15,000 பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். மே 31 அன்று நோட்ரடாம் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. கியூபெக் மாகாணத்தில் ஒரு விளையாட்டு வீரருக்கு அந்த மரியாதை அளிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அவர் பெயரிலான கோப்பை மறைவுக்கு ஓராண்டு முன்பே, 1999-இல் நிறுவப்பட்டது. அதை முதன்முதலில் வென்றவர் பின்லாந்தின் டீமு செலானே. அதிக புள்ளிகளுக்கும், சிறந்த ஆட்டத்துக்கும், நன்னடத்தைக்கும் லீக்கில் தனித்தனிக் கோப்பைகள் பல காலமாகவே இருந்துவந்தன. கோல் அடிப்பதற்கென்று மட்டும் ஒரு கோப்பை தேவைப்பட்டபோது, அதற்கு வேறு பெயர் எதையும் எவரும் தேடவில்லை.